பிளேடின் வேரில் இரண்டு எழுத்து

எங்கள் தொழிற்சாலை ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி வடிவமைப்புப் பிரிவிலிருந்து பிரபா என்ற பொறியாளர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர். நேரில் பார்த்ததில்லை.

"கொஞ்சம் கலகலப்பா எழுதுங்க சார். போன வருசம் ஸ்டோர்ஸ் சார் எழுதுனத அவரு வீட்லகூட யாரும் படிக்கலையாம்."

கலகலப்புக்கு ஒப்புக்கொண்டேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் அவர் இன்னொன்று கேட்டார்.

"சார், சுழல் பிளேடு வரைபடத்துல ஒரு சந்தேகம். முதல்ல நம்பரு, பிளேடோட வேர்ல இருந்திருக்கு. நாலாவது திருத்தத்துல முனைக்கு மாத்தியிருக்கீங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல ஒண்ணும் எழுதல. இப்ப நாங்க லேசர்ல குறிக்கப் போறோம். வேர்தான் பெரிய இடம். திரும்ப அங்கனயே போட்டுரலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் சார்?"

கட்டுரையிலேயே எழுதிவிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாகக் காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிரபா கேட்ட கலகலப்பு.

என் பெயர் ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில் படித்தேன். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் இடத்தில் எட்டு வருடம் வேலை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் தச்சநல்லூருக்குத் திரும்பினேன். ஊருக்கு வடக்கே, பழைய பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக வெட்டும் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டில் யாரோ, "மாப்பிள்ளை இன்ஜினியர்னு சொன்னாங்க, கேட்டா ஓட்டை பக்கெட்டு உடைக்கிற கம்பெனியாம்லா" என்று சொல்லியிருக்கிறார்கள். என் மாமனார் கடைசி வரைக்கும் நான் பம்பு கம்பெனியில் இருப்பதாகவே வெளியில் சொல்லிவந்தார்.

ஓட்டை பக்கெட்டை உடைப்பது சாதாரண வேலை இல்லை. இயந்திரத்துக்குள் ஓர் உருளை சுழலும். அதில் முழங்கை நீளத்துக்கு மூன்று பிளேடுகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்போம். எதிரே அசையாத பிளேடு ஒன்று நிற்கும். மேலே போடும் பக்கெட், குழாய், நாற்காலிக் கால் எல்லாம் இரண்டுக்கும் நடுவே சிக்கி, அடியில் உள்ள சல்லடை வழியாக மல்லி விதை அளவில் விழும். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு இம்மியளவு பின்னால் வளைந்து நிமிரும். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தாலும் அது உடையக் கூடாது. அது உடையாது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

எங்கள் பொது மேலாளர் சுப்பையா சார். குள்ளமான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். எந்த வரைபடத்தைக் கொண்டுபோனாலும் முதலில் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் வரைந்தவன் காட்ட நினைத்தது மட்டும்தான் கண்ணில் படும் என்பது அவர் எண்ணம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்.

"இது எங்கன உடையும்?"

முதல் தடவை, "உடையாது சார்" என்று சொன்னேன்.

"உடையாத சாமான் ஒண்ணும் கிடையாதுவே. எங்கன உடையும்னு தெரியாதவன் எப்படிவே உடையாதுன்னு சொல்லுவான்? போயிட்டு நாளைக்கு வாரும்."

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாவது நாள், "வேர்ல சார். பிடி முடிஞ்சு பிளேடு வெளிய நீட்டுற எடத்துல, முன்பக்கம்" என்றேன். உருளையின் பிடிக்குள் இருக்கும் பகுதி அசையாது, வெளியே நீட்டியிருக்கும் பகுதி வளையும். இரண்டும் சந்திக்கும் கோட்டைத்தான் நாங்கள் வேர் என்போம். வெட்டும்போது இழுவை அதிகமாக விழுவது அங்கேதான்.

"இப்பதாம்வே நீரு வேலைக்குச் சேர்ந்திருக்கீரு" என்றார். வேலையில் சேர்ந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

பலம் கணக்கிடுவதற்கு முன்னால் வெட்டும் விசை எவ்வளவு என்று தெரிய வேண்டும். இரும்புக்கும் செம்புக்கும் புத்தகத்தில் அட்டவணை இருக்கிறது. காலொடிந்த நாற்காலிக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே நாங்களே ஓர் ஊசல் செய்தோம். கனமான இரும்புக் கையின் நுனியில் பிளேடு. ஒரு பக்கம் தூக்கி விட்டால் கீழே வந்து சாமானை வெட்டிக்கொண்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு உயரம் குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு சக்தியை வெட்டு தின்றிருக்கிறது என்று கணக்கு. தண்ணீர்க் குடம், வயர்கூடை, குழாய், செருப்பு, எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தோம். அந்த இரண்டு மாதமும் பட்டறைக்கு வந்தவர்கள் செருப்பை வாசலில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஊசல்தான் எனக்கு மீன்வலையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது. நாற்காலி முன்கோபி, ஒரே அடியில் நொறுங்கிவிடும். வலை அப்படி இல்லை. பிளேடு பட்டதும் நீளும், சுற்றும், பிடித்து இழுக்கும், கடைசியில் மனசில்லாமல் அறும். நனைந்த வலை இன்னும் மோசம். நாற்காலியை வைத்துக் கணக்குப் போட்ட பிளேடை வலைக்குக் கொடுத்தால் சீக்கிரம் களைத்துவிடும். வலைக்கென்று தடித்த பிளேடு ஒன்றை நான் வடிவமைத்தேன். அதுவரை என் பெயரைச் சொல்லும்படி ஒரு சாமானும் நான் செய்ததில்லை.

அந்தச் சமயம் கம்ப்யூட்டரில் பலம் பார்க்கும் மென்பொருளும் வாங்கினார்கள். பிளேடின் உருவத்தைச் சின்னச் சின்னக் கட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டியும் எவ்வளவு இழுபடுகிறது என்று அது கணக்கிட்டு வண்ணத்தில் காட்டும். நீலம் என்றால் சும்மா இருக்கிறது. சிவப்பு என்றால் பாடுபடுகிறது. காலையில் ஓடவிட்டால் சாயங்காலம் நாலரைக்கு விடை வரும். நாலேகாலுக்கு மின்சாரம் போகும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. ஒருவழியாகப் படம் வந்தது. வேரில்தான் சிவப்பு. ஆனால் அந்த எஃகு தாங்கக்கூடியதில் பாதியைக்கூட அந்தச் சிவப்பு எட்டவில்லை. படத்தைச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டினேன். கணக்குப் பிரிவில் இருந்தவர் ஏதோ சாமி படம் என்று நினைத்து, எந்தக் கோயில் என்று விசாரித்தார்.

இனி எழுத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிளேடு கொஞ்சம் பெயர் வாங்கியதும் போலிகள் வந்தன. போலி உடைந்தால் அதை எங்களிடம் கொண்டுவந்து மாற்றிக் கேட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பிளேடிலும் எண் பொறிப்பது என்று முடிவாயிற்று. எஃகைச் சூளைக்கு அனுப்பிக் கடினமாக்குவதற்கு முன்னால், நுனியில் எண் வெட்டிய 'பஞ்ச்' என்ற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. நான்கு இலக்க எண்ணுக்குப் பிளேடின் நீளவாக்கில் கடைசியான முனையே போதும். அங்கே இழுவையும் கிடையாது. ஆனால் நான் எண்ணோடு நிறுத்தவில்லை. வடிவமைத்தவன் என்ற முறையில் என் பெயரின் முதலெழுத்துகள், ஆங்கிலத்தில் A, N இரண்டையும் முன்னால் சேர்த்தேன். அதைச் சேர்த்ததும் முனையில் இடம் போதவில்லை. வெட்டும் விளிம்பில் போட்டால் சாணை பிடிக்கும்போது தேய்ந்துவிடும். பின்பக்கம் பிடிக்குள் மறைந்துவிடும். மிச்சமிருந்த இடம் முன்பக்கம், வேர்.

சுப்பையா சார் வரைபடத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார்.

"என்னவே இது, சீர்வரிசைப் பாத்திரமா, பேரு வெட்டி அனுப்புததுக்கு?"

"அடையாளத்துக்கு சார்."

"இந்த எழுத்து ஒம்ம கம்ப்யூட்டர்ல உண்டுமா?"

"இல்ல சார். அரை மில்லிமீட்டர் ஆழம்தான். அது கணக்குல வராது."

"கணக்குல வராதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தீரா?"

"பாத்துட்டேன் சார்" என்றேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு நாள் வேலை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த பிளேடு போட்ட இயந்திரங்களில் ஒன்றை ஏரல் காதர் பாய் வாங்கினார். கடற்கரை ஊர்களில் கழித்துப்போட்ட வலைகளை வாங்கி, உவரிக்கு வெளியே ஒரு கொட்டகையில் வெட்டி, துகளாக்கி விற்றுவந்தார். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் மிக்கேல். உவரிக்காரர், என் வயதுதான். அதற்கு முன் கரையில் வலை பழுது பார்த்தவர். வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள் கோத்திருக்கும். வெட்டுவதற்கு முன் அவற்றையெல்லாம் கழற்றிவிட வேண்டும். மற்ற இடங்களில் கண்ணால் பார்த்துக் கழற்றுவார்கள். மிக்கேல் வேறு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே வலையை விரல் வழியாக ஓடவிடுவார். குண்டு வந்ததும் கை நிற்கும். பேச்சு நிற்காது.

"கண்ணு ஏமாத்தும் சார். கையி ஏமாத்தாது" என்று இயந்திரத்தை ஓட்டிக் காட்டப் போன அன்றே என்னிடம் சொன்னார். கடலுக்குப் போகுமுன் வலையை ஒரு தடவை அவர் கையில் கொடுத்து வாங்குவது படகுக்காரர்களுக்குப் பழக்கம் என்று காதர் பாய் பெருமையாகச் சொன்னார்.

ஏழாவது மாதம் பிளேடு உடைந்தது. பாதித் துண்டு மேல்வாய் வழியாகக் கிளம்பிக் கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு போய், வெளியே உடைமுள் மரத்தடியில் கிடந்தது. மிக்கேல் அப்போதுதான் தண்ணீர் குடிக்க நகர்ந்திருந்தார். நான் போனபோது காதர் பாய் கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ் காப்பாத்துனான் சார். இவன் ஒரு எட்டு பிந்தியிருந்தா நான் இவன் பொஞ்சாதி மொகத்துல எப்படி முழிப்பேன்?"

துண்டுகளைச் சேர்த்து வைத்தேன். என் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அது சுப்பையா சாரைப் பார்த்து நானும் வாங்கி வைத்துக்கொண்டது. உடைந்த முகம் முழுவதும் வெள்ளிபோலப் பளிச்சென்று இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் விரல்நகம் அளவுக்குக் கறுப்பு. கறுப்பு தொடங்கிய இடம் மேல்பரப்பில் என் பெயரின் இரண்டாவது எழுத்து. அதன் சாய்கோடும் நேர்கோடும் சந்திக்கும் கூர்மையான மூலை.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைக்கும்போது, மேலே கூர்மையான பள்ளம் ஏதாவது இருந்தால் அங்கிருந்து மயிரிழைபோல விரிசல் விடும். பிறகு பதமாக்க மறுபடியும் சூடேற்றும்போது அந்த விரிசலின் உட்பக்கம் கறுத்துவிடும். கறுப்பாக இருந்தால் அது நேற்று விட்ட விரிசல் இல்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போதே பிளேடு விரிசலோடுதான் போயிருக்கிறது. ஏழு மாதம் வளைந்து நிமிர்ந்து, விரிசல் வளர்ந்து, தாங்காமல் போயிருக்கிறது. இவ்வளவும் எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"என்ன சார் தெரியுது?" என்று மிக்கேல் கேட்டார்.

"பாக்கணும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் சல்லடையைக் கழற்றினார். ஓரத்தில் ஒரு ஈயக்குண்டு நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏலே மிக்கேலு, இது என்னலே?"

மிக்கேல் அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். "மொதலாளி, இது என் கையைத் தாண்டி வந்திருக்காது. பழைய குண்டா இருக்கும். நான் லீவு போட்ட அன்னைக்கு ஓட்டுனிகள்லா, அப்ப விழுந்ததா இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. ஈயம் போயி இந்தப் பெரிய பிளேட ஒடைக்குமா?"

உடைக்காது. அந்த பிளேடு ஈயத்தை வாழைப்பழம்போல நறுக்கிவிடும். ஊசலில் நானே நறுக்கிப் பார்த்திருக்கிறேன்.

"ரிப்போர்ட் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அறிக்கையில் மூன்று வரி எழுதினேன். வெட்டும் அறையில் அந்நிய உலோகம் காணப்பட்டது. வலையிலிருந்து உலோகத்தை அகற்றுவதில் கவனக்குறைவு. பிளேடின் வடிவமைப்பில் குறை இல்லை. முதல் வரி மட்டும் உண்மை. அதுவும் மற்ற இரண்டையும் நம்பவைப்பதற்காக எழுதிய உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. உண்மையை எழுதியிருந்தால் வேலை போயிருக்காது. சுப்பையா சார் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளுக்கு நான் தயாராக இல்லை. சட்டம் போட்டு மாட்டிய படத்தைக் கழற்றவும் மனம் வரவில்லை.

சுப்பையா சார் அறிக்கையைப் படித்தார். "உடைஞ்ச மொகத்த நீரே பாத்தீரா?"

"பாத்தேன் சார். திடீர் உடைப்பு."

ஒரு வாரம் கழித்துக் காதர் பாய் போன் செய்தார். "அவன நிப்பாட்டிட்டேன் சார். நல்ல பயதான். என்ன செய்ய, நாளைக்கு ஒரு உயிரு போச்சுன்னா?"

"சரி பாய்" என்றேன். பிளேடைப் பற்றி எழுதிய மூன்று வரியைவிட இந்த இரண்டு சொல்தான் எனக்குப் பிறகு அடிக்கடி கேட்டது.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் எழுத்தைத் தாங்கிய பிளேடுகள் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் திரும்ப வாங்கிப் பார்க்க வேண்டும். காரணமும் சொல்லக் கூடாது. ஆகவே "இலவசச் சாணை முகாம்" என்று ஒன்றை அறிவித்தேன். பந்தல், பேனர், கேசரி, காப்பி. எல்லோரும் பிளேடுகளைக் கழற்றி, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். முன்வாசலில் கேசரி ஓடிக்கொண்டிருக்க, பின்கட்டில் நான் ஒவ்வொரு பிளேடிலும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, விரிசல் இருந்தால் சாயம் கசிகிறதா என்று பார்த்தேன். மூன்றில் கசிந்தது. "தேய்மானம்" என்று சொல்லிப் புதியது கொடுத்தேன். மற்றவற்றில் எழுத்தைச் சாணையிட்டு வழித்துவிட்டேன். விருதுநகர் அண்ணாச்சி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள மாதிரி வாடிக்கையாளர நெனைக்கிற கம்பெனிய நான் பாத்ததில்ல" என்றார். மாலை வேறு போட்டார்கள். கழுத்தில் மாலையும் கையில் சிவப்புச் சாயமுமாக ஒரு போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

வரைபடத்தையும் திருத்தினேன். என் எழுத்துகளை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் முனைக்கு மாற்றினேன். சுப்பையா சார் வழக்கம்போலத் தலைகீழாக வைத்துப் பார்த்தார்.

"காரணம் எழுதலையேவே."

"படிக்க வசதியா இருக்கும்னுதான் சார்."

"அப்ப அத எழுதும்."

பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. அறிக்கையில் பொய்யைத் தடங்கலில்லாமல் எழுதிய கை, ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு சொல் எழுத மறுத்தது. சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் முகத்தில் எறிந்திருப்பார். அவர் இப்போது இல்லை. அவரிடம் சொல்லும் சந்தர்ப்பத்தை நானாகத்தான் தவறவிட்டேன்.

உடைந்த துண்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். பன்னிரண்டு வருடமாக என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டு இருந்தது. பிரபாவின் போனுக்கு மறுநாள் காலை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உவரிக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை. மிக்கேல் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த மிக்கேலு? இங்கன நாப்பது மிக்கேலு உண்டும்."

"முன்னால வலை வெட்டுற கொட்டகைல வேலை பாத்தவரு."

"யாரு, ஈயக்குண்டா? அப்படிச் சொல்லுங்க. நேரா போயி கிழக்க திரும்புங்க. ஈயக்குண்டு கடைன்னா யாரும் காட்டுவாங்க."

காட்டினார்கள். வலைநூல், மிதப்பு, தூண்டில், கயிறு விற்கும் சின்னக் கடை. மிக்கேல் தலை நரைத்து, தராசில் ஈயக்குண்டுகளை நிறுத்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்ஜினியர் சார்லா. வாங்க. கடையப் பாத்தியளா? ஊருக்குள்ள ஈயக்குண்டு, ஈயக்குண்டுன்னு பேரு விழுந்துபோச்சு. சரி, விழுந்தது விழுந்துபோச்சு, அதையே விப்போமேன்னு கடை போட்டுட்டேன். இப்ப கடையால பேரு வந்ததா, பேரால கடை வந்ததான்னு புதுப் பயலுவளுக்குத் தெரியாது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"வலை பாக்கிறதுண்டா இப்ப?" என்று கேட்டேன்.

"அது அன்னைக்கே போச்சு சார். குண்ட விட்ட கைன்னு ஆன பொறவு யாரு வலையக் குடுப்பா? ஒரு ரெண்டு வருசம் ஒருத்தனும் வரல. என் சொந்த மச்சானே வரல. பொறவு ஒண்ணு ரெண்டு பேரு வந்தானுவ. எனக்கே கைமேல சந்தேகம் வந்துட்டு. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

துணியை அவிழ்த்துத் துண்டை அவர் முன்னால் வைத்தேன். பஸ்ஸில் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். "இது ஈயத்தால உடையல மிக்கேல். என் எழுத்தால உடைஞ்சுது" என்றேன். மற்றதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. இந்தக் கட்டுரையில் உள்ள அளவுக்குக்கூட அலங்காரம் இல்லை.

மிக்கேல் துண்டை எடுத்து, உடைந்த முகத்தைப் பார்க்காமலே அதன்மேல் விரலை ஓட்டினார். கறுப்பு இருக்கும் இடத்தில் கை நின்றது.

"இந்தக் கறுப்பு அன்னைக்கே இருந்துது."

"ஆமா."

"நானும் பாத்தேன். கடல்காத்துத் துருன்னு நெனச்சேன். நீங்க பாத்ததும் தெரிஞ்சிக்கிட்டீங்க."

"தெரிஞ்சிக்கிட்டேன்."

தராசுத் தட்டில் இருந்த குண்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போகவில்லை. எல்லாக் குண்டுகளும் டப்பாவுக்குப் போன பிறகு என்னைப் பார்த்தார்.

"காதர் பாய்ட்ட சொன்னீரா?"

அதுவரை 'சார்' என்றும் 'நீங்க' என்றும் சொன்னவர் 'நீரு' என்று மாறிவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"இல்ல. ஒங்ககிட்டதான் மொதல்ல."

"போனப் போடும். இவனுவளுக்கும் கேக்குத மாதிரிப் போடும்."

போட்டேன். காதர் பாய் இப்போது வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஏரலில் வீட்டோடு இருக்கிறார். அவரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"ஆறுமுகம் சார், அவன் பத்து நாளு என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். வேலை கேக்கல. நான் விடல மொதலாளி, அத மட்டும் நம்புங்கன்னான். ஒங்க காயிதத்தக் காட்டித்தான் நான் அவன அனுப்புனேன். படிச்சவரு எழுதியிருக்காரு, நீ என்னலே பேசுதன்னு கேட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவன் அங்கன இருக்கானா?"

"இருக்கேன் மொதலாளி" என்றார் மிக்கேல்.

"ஏலே, மாப்புலே. மன்னிச்சிரு."

"சரி மொதலாளி. ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "நான் என்ன செய்யணும் மிக்கேல்?"

"என்னவே செய்வீரு? அந்த ரெண்டு வருசத்த ஒம்ம சூளைல போட்டுக் காச்சித் தருவீரா?" என்றார். குரலில் கோபம் குறைவு, அலுப்பு அதிகம். "இந்தத் துண்ட வச்சிட்டுப் போவும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் டீ வாங்கித் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கடையை விட்டு இறங்கும்போது பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் துண்டைக் கையில் வாங்கி, "எங்க, எழுத்தக் காட்டும்" என்று கேட்பது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து பிரபாவுக்கு அனுப்பிய வாசகம் இது. நான்காம் திருத்தத்தின் காரணம்: வேரில் பொறித்த எழுத்தின் மூலையிலிருந்து விரிசல் விட்டு உவரியில் பிளேடு உடைந்தது. இயக்கியவர் மிக்கேலின் தவறு இல்லை. எழுத்தைப் பலக் கணக்கில் சேர்க்காமல் விட்டது, அறிக்கையில் மறைத்தது, இரண்டும் வடிவமைத்தவன் தவறு. எந்த முறையில் குறித்தாலும் வேரில் குறிக்கக் கூடாது. அதன் கீழே ஆறுமுகநயினார் என்று முழுப் பெயரையும் போட்டேன்.

"கட்டம் சின்னது சார், பெயர் பாதிதான் வருது" என்று பிரபா பதில் எழுதினார். எழுத்தைச் சிறிதாக்கியாவது முழுசாகப் போடச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மிக்கேல் போன் செய்தார். பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது.

"வே, நேத்து செல்வன்னு ஒரு படகுக்காரன் வலையக் கொண்டாந்து என் மடில போட்டுட்டுப் போயிட்டான். ஒரு பொத்தல் இருந்துது, சொல்லிக் குடுத்தேன். கைமேல இன்னும் கொஞ்சம் சந்தேகந்தான். ஆனா நிக்க வேண்டிய எடத்துல அது நின்னுது."

"சந்தோசம்" என்றேன்.

"இன்னொண்ணு. ஒம்ம துண்டு இப்ப டீக்கடைல கெடக்கு. வாரவன் போறவன்லாம் எடுத்துப் பாக்கான். ஒமக்கும் ஊர்ல பேரு வச்சிட்டானுவ. பேருவெட்டி இன்ஜினியர்."

"நல்ல பேருதான். அப்ப ஒம்ம பேரு?"

"ஈயக்குண்டா? அது எங்க போவும், என் பேரன் வரைக்கும் நிக்கும். பேரச் சொன்னா இப்ப கதையும் சேத்துச் சொல்லுதானுவ, அது போதும்." அவர் டீக்குச் சில்லறை கொடுத்துவிட்டு மறுபடியும் பேசினார். "அடுத்த தடவ வந்தா அன்னைக்கு மாதிரி மிக்கேல் வீடு எதுன்னு அலையாதீரும். பேருவெட்டி யாரப் பத்திப் பொய்யி எழுதுனாரோ, அந்த ஆளு வீடு எதுன்னு கேளும், சின்னப் பிள்ளகூடக் காட்டும்."